கட்டைவிரல் நகமும் ஒரு முன்சக்கரமும்

அந்த அக்கா தெருவில் நுழைந்தால் இரண்டு வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் வம்பு பேசுகிறவர் அல்ல, கோள் சொல்கிறவரும் அல்ல. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் வலது கைக் கட்டைவிரல் நகம். எதைப் பார்த்தாலும் ஒரு தடவை சுரண்டிப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்த அவ்வளவில் பல குடும்பங்களின் மானம் போயிருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, முன்கதவு முழுக்கத் தேக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கையில் பாயசத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சும்மா கதவின் ஓரத்தில் வைத்தார். அரை நிமிஷத்தில் ஒரு நறுக்குப் பட்டை உரிந்து அவர் விரலோடு வந்தது. அடியில் பிளைவுட். அக்கா முகம் மாறவில்லை. "தேக்கு மாதிரியே கீதுங்க" என்று மனசாரப் பாராட்டினார். அந்த "மாதிரியே" அந்த வீட்டுக்காரரைப் பல வருஷம் துரத்தியது.

இன்னொரு சமயம் அக்காவின் சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்திருந்தார்கள். கார் புதுசு என்று மாப்பிள்ளையின் சித்தப்பா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அக்கா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "இந்த வண்டிக்கி இது மூணாவது கலரு. மாப்ளைக்கி இது எத்தினியாவது பொண்ணு?" என்று கேட்டார். சம்பந்தம் எப்படியோ நடந்தது. ஆனால் அந்த மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இது அவருக்குத் தொழில் கொடுத்த பழக்கமா, பழக்கம் இருந்ததால் இந்தத் தொழிலுக்கு வந்தாரா என்று தெரியாது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் கேட்டும் கிரில்லும் வெல்டிங் வைப்பார். பூச்சு வேலை முழுவதும் அக்காவுடையது. கேட், ஜன்னல் கம்பி, பிறகு மோட்டார் சைக்கிள் சக்கரம். நான் அப்போது சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றும் ஆள். வேலை மாற்றலில் அந்த ஊரை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எந்தச் சுவரிலாவது சாய்ந்தால் என் கட்டைவிரல் தானாக அசைகிறது.

கொட்டகையில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று பெயிண்ட். துப்பாக்கியில் அடித்துக் காயவைப்பது. இன்னொன்று பவுடர் கோட்டிங். குங்குமம் போல உலர்ந்த தூளை மின்சாரத் துப்பாக்கியில் ஊதுவார். தூள் போய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பீரோ உயரத்துக்கு இருக்கும் ஒரு அடுப்புக்குள் வைத்துச் சுடுவார். தூள் உருகித் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஆரஞ்சு நிறம் அடித்த நாட்களில் அக்காவின் புருவமும் ஆரஞ்சாக இருக்கும். அந்தக் கோலத்தோடு ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் அருகில் வருவார். அருகில் வந்தால் விரல் வரும்.

பவுடரா, பெயிண்டா என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் கொட்டகையில் வாடிக்கையாளருக்குக் கிடையாது. அக்கா கேள்வி கேட்பார், பிறகு அக்காவே சொல்வார். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவன் கிளிப்பச்சை நிறத்தில் பவுடர் வேண்டும் என்று வந்தான். போன வருஷம் சக்கரம் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு. அதற்கு முன்னால்? நீலம். "ஒனக்குப் பெயிண்டு போதும். மனசு மாறிக்கினே இருக்கறவனுக்குப் பவுடரு ஆவாது. அத உரிக்கறதுக்குள்ள நான் கெழவியாயிடுவேன்" என்று அனுப்பினார். வடக்கனந்தலிலிருந்து மரவள்ளி மூட்டை ஏற்றுகிற ஒருவர் பெயிண்டே போதும் என்றார். வயல் சேற்றில் இறங்கும் வண்டி, யூரியா மூட்டையும் ஏறும் வண்டி என்று தெரிந்ததும் பவுடர்தான் என்று அக்கா சொல்லிவிட்டார். கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால் பெயிண்டை அங்கே மட்டும் தொட்டுவிடலாம், பவுடர் பெயர்ந்தால் முழுவதும் உரிக்க வேண்டும், ஆனால் லேசில் பெயராது. இப்படி இரண்டு பக்கமும் நியாயம் பேசி, வந்த வேலையில் பாதியைத் திருப்பி அனுப்பிய ஒரே கடைக்காரி அவர்தான். வீட்டுக்காரர் வெல்டிங் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொள்வார்.

கடைசிக் கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: "இதுக்கு அடியில இன்னா கீது?"

அதோடு ஒரு விதியும் வைத்திருந்தார். பழைய பூச்சை உரிக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உரித்த பிறகு, இந்த நெளிசல் முன்னே இல்லையே, நீதான் செய்தாய் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே ஒரு இரும்பு ஸ்டூல் போட்டிருந்தார். டாக்டரிடம் எக்ஸ்ரே காட்டுகிற முகத்தோடு ஆட்கள் அதில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு நாள் அதில் உட்காருவேன் என்று நினைத்ததில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டூலில் பட்டதைவிட இது குறைவுதான்.

நான் புது வண்டி வாங்கினேன். பழைய வண்டியை என் மனைவி தன் தம்பிக்குக் கொடுக்கச் சொன்னாள். அவனுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. நான் தாராளமாகச் சரி என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மாமியார் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியபடியே, "இந்த வண்டி ஒருநாள்கூடக் கீழே விழுந்தது கிடையாது" என்று ஒரு வாக்கியத்தை உதிர்த்தேன். மாமியார் எனக்கு இன்னொரு முட்டை வைத்தார்.

வண்டி விழுந்திருந்தது. அதுவும் அதே மலைச்சாலையில். இரண்டு வருஷத்துக்கு முன் சேலத்தில் கம்பெனிக் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நான்கு நண்பர்களோடு மேகம் அருவிக்குக் குளிக்கப் போனேன். இறங்கும்போது ஒரு வளைவில், எந்த வண்டியிலிருந்தோ விழுந்த பலாப்பழம் நடுரோட்டில் கிடந்தது. அதைத் தப்பவிட்டு நான் பாலத்துக் கட்டையில் மோதினேன். பலாப்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கால் தேய்ந்தது, முன்சக்கரத்து அலாய் வீலில் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல் விட்டது. நண்பர்கள் அங்கேயே பழத்தைப் பிளந்தார்கள். எனக்கு ஆறுதலாக இரண்டு சுளை.

கீழே ஒரு மெக்கானிக் விரிசலில், ஓட்டை அடைக்கும் சாம்பல் நிறப் பட்டியை அப்பி, தேய்த்து, கருப்பு அடித்துக் கொடுத்தார். மெதுவாகப் போங்கள், சீக்கிரம் வேறு வீல் மாற்றிவிடுங்கள் என்றார். அறிவுரையில் முதல் பாதியை இரண்டு வருஷம் அப்படியே கடைப்பிடித்தேன். திருநாவலூர் சமவெளியில் மாட்டு வண்டிகள் என்னை முந்திப் போகும். முழங்காலுக்கு, சேலத்து ஓட்டலில் குளியலறை வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். இல்லாத அந்த ஓட்டலைப் பற்றி என் மனைவி மகளிர் குழுவில் சொல்லி, எங்கள் பகுதியிலிருந்து ஒருவரும் சேலத்தில் தங்காதபடி செய்துவிட்டாள்.

இந்த வீலோடு மைத்துனனை மலைக்கு அனுப்ப எனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லை. அதனால்தான் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தேன். பவுடர் கோட்டிங் கெட்டியான தோல் அல்லவா? விரிசலைச் சுற்றிக் கட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். அடுப்பில் சுட்டால் இன்னும் இறுகும். வண்டியும் பளபளக்கும், வீலும் பலப்படும். பத்தாம் வகுப்பில் நான் அறிவியல் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

தனியாகப் போய் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நிறத்தைத் தேர்ந்தெடுக்க மனைவி கிளம்பினாள். வண்டி யாருக்கோ அவன் வரவேண்டாமா என்று தம்பியும் வந்தான். மூன்று பேரும் கொட்டகைக்குள் நுழைந்தபோது, அக்கா முதலில் சக்கரத்தைப் பார்க்கவில்லை. என் மீசையைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமைதான் மை போட்டிருந்தேன்.

"அது பெயிண்டுதானே தம்பி? ரெண்டாவது கோட்டு வெச்சிருக்கலாம்."

மனைவி ரசித்துச் சிரித்தாள். நான் பேச்சை மாற்ற, பவுடர் கோட்டிங்தான் வேண்டும், பளிச்சென்று சாம்பல் நிறத்தில், என்று ஆர்டர் கொடுக்கிற குரலில் சொன்னேன். அக்கா வழக்கமான கேள்விக்கு வந்தார். அடியில் என்ன இருக்கிறது? கம்பெனி பெயிண்ட்தான், வேறொன்றும் இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

டயரையும் பேரிங்கையும் கழற்றி, மருந்து தடவி, பழைய கருப்பை வழித்து எடுத்தார். உள்ளே சாம்பல் நிற அலுமினியம். எங்கே தேடியும் என் விரிசல் தெரியவில்லை. மெக்கானிக்கின் பட்டியும் அதே சாம்பல் நிறம். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். அக்கா சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை வட்டமாக ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடி அங்கேயே வந்து நின்றது. என்னைப் பார்த்தார்.

அவர் ஒன்றும் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. தூள் ஊதுவதற்கு முன் வெறும் சக்கரத்தை ஒரு தரம் அடுப்பில் வைப்பது வழக்கம், உள்ளே ஊறிய எண்ணெயெல்லாம் கக்கிவிடும் என்று என் மனைவிக்கு விளக்கினார். பிறகு மெதுவாக, "அடுப்புல வெச்சா எண்ணெ மட்டும் இல்லம்மா, பட்டி கிட்டி இருந்தாலும் பொங்கி வெளிய வந்துடும். பெயிண்டுக்கு அந்தத் தொல்லை கெடையாது. அது எல்லாத்தியும் மூடிக்கும்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி. பவுடரா, பெயிண்டா?"

அந்தக் கடையில் வாடிக்கையாளரை அவர் முடிவு செய்யச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"பெயிண்டே போதும்க்கா" என்றேன்.

ஏன் திடீரென்று மாறினாய் என்று மனைவி கேட்டாள். நான் பெயிண்டின் பெருமைகளை எடுத்துரைத்தேன். அக்காவிடமே பல நாள் கேட்ட வசனங்கள்தான். ஓரிடத்தில் பெயர்ந்தால் அங்கே மட்டும் தொட்டுக்கொள்ளலாம். நிறம் சலித்தால் மாற்றலாம். வாத்தியாருக்குப் பளபளப்பு எதற்கு, பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள். மைத்துனன் தலையாட்டினான். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்காவிடம் எனக்கு நற்சான்றிதழ் வேறு கொடுத்தான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் அவன் என்னை அடித்திருந்தால் தேவலை.

அக்கா அவனிடம் கேட்டார், எங்கே ஓட்டப்போகிறாய் என்று.

"மலைக்கிக்கா. காலையில ஏறி, சாயங்காலம் எறங்கணும். தெனம். பஸ்ஸு நேரத்துக்கு வராது. எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க கீழருந்துதான் வர்றாங்க, அவங்களையும் பின்னாடி ஏத்திக்கினு போவேன்."

"எந்த டீச்சர்?" என்று என் மனைவி தம்பியின் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

அதன் பிறகு அங்கே இரண்டு விசாரணைகள் நடந்தன. ஒன்று சத்தமாக. டீச்சருக்கு எந்த ஊர், என்ன பாடம், எத்தனை நாளாகப் பழக்கம். இன்னொன்றில் சத்தமே இல்லை. அக்கா சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு அந்த வளைவு தெரிந்தது, பாலத்துக் கட்டை தெரிந்தது. மோதியபோது நான் இருபது வேகத்தில் வந்தேன், தனி ஆள். இவன் இரண்டு பேராக இறங்குவான், தினம் இறங்குவான். என் கொள்கையின் கட்டு அவிழ்ந்து கீழே விழுந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மாமியார் வைத்த முட்டை வந்து அடைத்துக்கொண்டது.

"அக்கா, பவுடரே அடிச்சிடுங்க. அடுப்புல வையுங்க."

என் வாயால் சொல்லத் துப்பில்லாமல் அடுப்பை வைத்துச் சொல்லவைத்தேன். வீரம் என்று இதைச் சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான்.

அக்கா சக்கரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். மனைவி தம்பியை விடுவதாக இல்லை. அவன் டீச்சரின் சொந்த ஊர்வரை வந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கதவை லேசாகத் திறந்து பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். விரிசல் இருந்த இடத்தில் பட்டி வடை மாதிரி உப்பி, நடுவில் வெடித்து, ஒரு துண்டு கீழே விழுந்திருந்தது. விரிசல் என்னைப் பார்த்துச் சிரித்தது. முடிந்தது. நான் அருவிக் கதையை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது, பலாப்பழத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கதவை மறுபடி சாத்திவிட்டு என் மனைவியிடம் போனார்.

"தப்பு என்னுதும்மா. சூடு ஜாஸ்தியா வெச்சிட்டேன். ரிம்மு வுட்டுப்போச்சி. இத ஓட்டக் கூடாது. வேற ரிம்மு நான் ஏற்பாடு பண்ணித் தர்றேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். ஊரில் ஒரு கதவை, ஒரு காரை, ஒரு மீசையை விட்டுவைக்காத மனுஷி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி உதட்டைக் கடித்து, சரிங்கக்கா என்றாள். அந்தச் சரியின் ஓரம் கூராக இருந்தது. வெளியே போகும்போது அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"புது ரிம்மு நீ வாங்கிக் குடுத்துடு. நான் குடுத்ததாவே இருக்கட்டும். இன்னிக்கி ஒன் மேல அடிச்சது பவுடரு இல்ல, பெயிண்டுதான். ரொம்ப நாளு நிக்காது. உரியறதுக்குள்ள நீயே சொல்லிடு."

நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். ரிம்மை மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதையும் மைத்துனனை ஸ்டூலில் உட்காரவைத்து உரித்துக் காட்டி, பவுடர் அடித்துக் கொடுத்தார். அவன் மலையேறிவிட்டான். டீச்சரும் ஏறினார். எல்லாம் சுபம், இனி எதற்கு என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. சேலத்து ஓட்டலுக்குச் செய்ததை அக்காவுக்கும் செய்தாள். மகளிர் குழுவில் சொன்னாள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொன்னாள், தாய்வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஒரு நாள் திருநாவலூரில் வரப்பில் நின்று குழாய் அளந்துகொண்டிருந்தேன். விவசாயி ஒருவர் என்னிடமே சொல்கிறார், கள்ளக்குறிச்சியில் ஒரு பொம்பளையின் அடுப்பு வெடித்து மோட்டார் சைக்கிள் எரிந்துவிட்டதாம், நல்லவேளை உயிருக்குச் சேதமில்லையாம். அவருடைய கேட்டை வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம். அன்று திரும்பும்போது கொட்டகையைத் தாண்டி வந்தேன். வழக்கமாக வாசலில் ஆறேழு வண்டிகள் நிற்கும். ஒன்றுகூட இல்லை. அக்கா ஸ்டூலில் தானே உட்கார்ந்து, ஏற்கெனவே பூச்சு முடிந்த ஜன்னல் கம்பி ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தேன். சேலம், அருவி, பலாப்பழம், பாலத்துக் கட்டை, பட்டி, கொள்கை, அக்கா என் மேல் அடித்த பெயிண்ட். இரண்டு சுளையையும் மறைக்கவில்லை. மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை அரிந்தாள். முடித்த பிறகும் அரிந்தாள். அன்றைக்கு அவ்வளவு வெங்காயத்துக்கு வீட்டில் வேலையே இல்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தம்பி அதுல போயிருந்தான்னா?"

அப்போதுதான் நான் செருப்பைக் கழற்றினேன்.

மூன்று நாளும் வெங்காயக் குழம்பு. நான்காம் நாள் என்னை மகளிர் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். பதினைந்து பெண்கள் நடுவில் நிற்கவைத்து முழுவதையும் சொல்லவைத்தாள். அடுப்பு வெடிக்கவில்லை, வெடித்தது நான் மறைத்து வைத்த பட்டி என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அருவியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு அம்மா விசாரித்தார். அதற்கும் பதில் சொன்னேன். அடுத்த ஞாயிறு மாமியார் வீட்டில் மறு ஒலிபரப்பு. அன்று முட்டை கிடையாது.

எல்லாம் முடிந்து இரண்டு பேருமாக அக்காவைப் பார்க்கப் போனோம். வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. அக்கா புருவத்தில் பச்சைத் தூளோடு வெளியே வந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் மன்னிப்பு, கண்ணீர் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"எத்தினி நாளு நின்னுது?"

"நாப்பத்தோரு நாளுக்கா."

"பரவாயில்லியே" என்றார் அக்கா. "நான் ஒரு வாரம்தான் தாங்கும்னு நெனச்சேன்."